பதினோராம் கட்டிலுக்குக் கூட இருப்பவள்

இப்படி வந்து உட்காருங்கள் அக்கா. அந்தத் தூணோரம் வேண்டாம், மேலிருந்து ஏ.சி. தண்ணீர் சொட்டும். ஏ.சி. ஆபரேஷன் தியேட்டருக்கு, தண்ணீர் நமக்கு. இந்த ஆஸ்பத்திரியில் எதையும் வீணாக்க மாட்டார்கள்.

நீங்கள் பன்னிரண்டாம் கட்டில். காலையில்தான் வந்தீர்கள். உள்ளே படுத்திருப்பது உங்கள் மாமியார். இல்லை இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்கே தெரிகிறது. பதினாறு நாளாக இந்த வராந்தாவில் இருக்கிறேன். ஒருவர் வாசல் பக்கம் எத்தனை தடவை எட்டிப் பார்க்கிறார் என்பதை வைத்தே உள்ளே இருப்பது அம்மாவா மாமியாரா என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆராய்ச்சி முடிவைச் சொன்னேன்.

நான் கோகிலவாணி. எம்.ஏ. பொது நிர்வாகம், இரண்டாம் ஆண்டு. கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். உங்கள் பக்கத்துக் கட்டில் சாந்தாமணி என் அம்மா. ஆனால் இங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அம்மாவுக்குப் பேர் பதினொன்று. எனக்குப் பேர், 'பதினொன்னுக்குக் கூட இருக்கறது யாரும்மா?' முதல் மூன்று நாள் எனக்குக் கோபம் வந்தது. மனிதருக்கு எண்ணா என்று ஒரு நர்ஸிடம் கேட்டேவிட்டேன். நான்காம் நாள் நானே, 'நான்தாங்க பதினொன்னு' என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். கொள்கையை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வர வேண்டும்.

உங்களுக்கு மூன்று மணிக்கு மணியடிப்பார்கள். டிரெஸ்ஸிங் முடிந்ததும் நீங்கள் உள்ளே போகலாம். நான் போக முடியாது, ஏனென்றால் என் அம்மா இப்போது வார்டில் இல்லை. நர்ஸ் அறையை ஒட்டிப் போர்வை அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருக்கிறது, பார்த்தீர்களா? சக்கர நாற்காலியில் வைத்து அதற்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கூட மனநல ஆலோசகர் ஷகிலா மேடம். மனநலத்துக்கு இந்தக் கட்டடத்தில் ஒதுக்கியிருக்கும் இடம் அதுதான். வேறு எங்கே இடம்? சைக்கிள் நிறுத்த மூன்று ஷெட் கட்டியாக வேண்டுமே. 'கோகிலா, நீங்க வெளிய இருங்க' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். பெற்ற மகள் வெளியே. நாற்பது நிமிடம் ஆகிறது.

நான்கு மணிக்குள் அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாளைக் காலையில் முதல் ஆபரேஷன் அம்மாவுக்கு. வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுப்பார்கள். போடாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அடுத்தது வெள்ளிக்கிழமை. அதற்குள் விரலில் இருக்கிற கறுப்பு மேலே ஏறினால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும். அதையும் தாண்டினால் என்ன என்று டாக்டர் தனபாலனிடம் கேட்டேன். அவர் ஃபைலை மூடினார்.

செருப்புக் கடி அக்கா. வெறும் செருப்புக் கடி. அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். சுண்டுவிரலில் புண் வந்து, அது ஆறாமல் பக்கத்து விரலும் கறுத்து, ஒரு மாதம் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா இல்லாத வீடு, இருப்பது நாங்கள் இரண்டே பேர். தினமும் சாயங்காலம் போனில் பேசுகிறவள் நான். ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைக்கிற ஆள் இல்லை, முக்கால் மணி நேரம் பேசுவேன். விடுதிச் சாப்பாடு, துறைத் தலைவரின் அட்டகாசம், விவாதப் போட்டியில் எதிரணியை எப்படி வாயடைத்தேன் என்று ஒன்று விடாமல் சொல்வேன். அம்மா 'ம்' கொட்டுவாள். கடைசியில் 'செரி கண்ணு, வெச்சர்றேன்' என்பாள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு நாளாவது 'காலில் புண்' என்று சொன்னாளா? எவ்வளவு அழுத்தம் பாருங்கள்.

சரி, உங்களுக்கு உபயோகமான ஒன்று சொல்கிறேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் நோயாளியின் புண்ணைப் பார்ப்பார், கேள்வியை நம்மிடம் கேட்பார். 'சாப்பிட்டாங்களா? தூங்கினாங்களா? மோஷன் போச்சா?' வாயும் காதும் உள்ள ஆள் இரண்டடி தள்ளிப் படுத்திருக்கிறார், அவரைத் தாண்டி நம்மிடம் கேட்பார்கள். கட்டிலில் ஏறிப் படுத்த நிமிடமே மனிதருக்குப் பேச்சு போய்விடும் என்று மருத்துவக் கல்லூரியில் பாடம் இருக்கிறது போல. நான் இதைக் கண்டிக்கிறேன். வன்மையாகக் கண்டிக்கிறேன்.

ஆனால் பதில் சொல்வதில் என்னை மிஞ்ச இந்த வார்டில் ஆள் கிடையாது. நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு இன்சுலின், எத்தனை இட்லி, எத்தனை மில்லி சிறுநீர், எல்லாம் தேதிவாரியாக இருக்கும். பயிற்சி டாக்டர்கள் என் நோட்டைப் பார்த்துத்தான் கேஸ் ஷீட் எழுதுகிறார்கள். ஒருமுறை அம்மா நடுவில், 'ராவெல்லாம் இந்தப் பக்கம் ஒரு மாதிரி...' என்று ஆரம்பித்தாள். 'அம்மா, இரு, நான் சொல்றேன்' என்று நிறுத்தி, வலி பத்துக்கு ஆறு என்று சொன்னேன். பத்துக்கு எத்தனை என்று சொன்னால்தான் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது.

ஆறாம் நாள் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டால் 'ம்'. சோறு வேண்டுமா என்றாலும் 'ம்', வேண்டாமா என்றாலும் 'ம்'. டூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று ஷீட்டில் எழுதிவிட்டுப் போனார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? காலில் ரத்தம் ஓடவில்லை என்றால் அதற்கு மூன்று டாக்டர், இரண்டு ஸ்கேன். மனசு ஓடவில்லை என்றால் ஒத்துழைக்கவில்லை! கால் அழுகினால் நோய், மனசு அழுகினால் குணக்கேடு. அப்படித்தானே அர்த்தம்?

பிரதான வாசலில் ஒரு பலகை இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். 'உள்நோயாளிகளுக்கு மனநல ஆதரவு வழங்கப்படும். அணுகவும்: அறை எண் 40.' அணுகினேன். அறை எண் நாற்பதில் கால் உடைந்த ஸ்டூல்கள் பதினேழு இருந்தன. அவற்றுக்குத்தான் ஆதரவு தேவைப்பட்டது.

விடுவேனா? டீனுக்கு மனு எழுதினேன். பன்னிரண்டு பக்கம். உடல்நோயோடு படுத்திருப்பவரின் மனத்தைக் கவனிக்காமல் விடுவது எப்படி அரைகுறை வைத்தியம் என்று அடிக்குறிப்புகளோடு எழுதினேன். டீன் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். 'எதுக்கும்மா இவ்வளவு? ஸ்டாஃப்கிட்ட வாய்ல சொல்லியிருந்தாலே ஷகிலாவ அனுப்பியிருப்பாங்களே' என்றார். பன்னிரண்டு பக்கத்தின் கனம் தாங்காமல் சொன்ன பேச்சு அது. மறுநாளே மேடம் வந்தார் என்றால் என் மனு வேலை செய்ததா இல்லையா?

அதற்கு முன்னால் என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை, வளர்மதி. தினமும் பதினொரு மணிப் பார்வையாளர் நேரத்துக்குப் பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வரும். பஸ்ஸிலேயே அழ ஆரம்பித்து, கேட்டுக்குள் நுழையும்போது முந்தானை நனைந்திருக்கும். வந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பார்த்து, 'அக்கா, இந்தக் காலெ வெச்சுட்டுத்தானக்கா கொடிவேரி அணைக்கு ஓடுவே' என்று ஒரு பாட்டம் அழும். இரண்டாம் நாள் பார்த்தால் அம்மாவுக்கும் உதடு கோணுகிறது, கண் நிறைகிறது. சட்டென்று சித்தியின் தோளைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். 'சித்தி, நோயாளிக்கு முன்னாடி அழக்கூடாது. நம்பிக்கையாப் பேசணும். இது மருத்துவ உண்மை' என்றேன். 'எனக்கு அதெல்லாந் தெரியாது கண்ணு, அழுவாச்சி வருது, அழுவறேன்' என்றது. ஒரு தாளில் 'இங்கே அழக்கூடாது' என்று எழுதி அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அம்மா கண் கலங்கி நான் பார்க்கவே இல்லை. பார்த்தீர்களா, ஒரு சின்ன ஒழுங்குமுறை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று?

ஷகிலா மேடத்துக்கு வருகிறேன். எதிர்பார்த்துக் காத்திருந்த ஆள் எப்படி இருக்க வேண்டும்? வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை தைரியம் சொல்ல வேண்டாமா? இவர் பேசவே மாட்டார். 'எப்படி இருக்கீங்க சாந்தாமணிக்கா?' என்றார். நான், 'நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல மேடம்' என்றேன். 'தூக்கம் வருதா அக்கா?' நான், 'விட்டு விட்டு நாலு மணி நேரம்' என்றேன். 'எதையாவது நினைச்சா பயமா இருக்கா?' நான் நோட்டைப் புரட்டினேன். அது நோட்டில் இல்லை. இருந்தாலும் சமாளித்து, 'பயமெல்லாம் இல்லை மேடம், அம்மா ரொம்ப போல்டு' என்றேன். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். 'உங்களுக்குத் தூக்கம் வருதா கோகிலா?' என்று கேட்டார். எப்படி இருக்கிறது? நோயாளி யார் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் டாக்டர் தனபாலன் வந்து, காலை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார், அம்மாவுக்குக் கேட்கும்படியாக. அவர் போன பிறகு நான் அம்மாவிடம் முறையாகப் பேசினேன். எடுப்பதற்கு ஆதரவாகப் பதினோரு பாயிண்ட். செயற்கைக் கால், காப்பீடு, உயிர் பிழைக்கும் விகிதம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். 'இப்ப நீ ஒரு பாயிண்ட் சொல்லும்மா, நான் பதில் சொல்றேன்' என்று வாய்ப்பும் கொடுத்தேன். ஜனநாயகம் வேண்டும் அல்லவா? 'எங்கிட்ட என்ன பாயிண்ட்டு இருக்குது கண்ணு' என்றாள். பாயிண்ட் இல்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டியதுதானே? அதற்கும், 'நெனச்சுப் பாக்கறேன்' என்றாள். எதிரணி இப்படி இருந்தால் யாரால் ஜெயிக்க முடியும்?

மேடம் இரண்டாம் தடவை வந்தது முந்தாநாள். 'இன்னிக்கு நீங்க ஒண்ணுமே பேசாம இருக்கணும், முடியுமா?' என்று என்னைக் கேட்டார். என்னையா கேட்பது? வாக்குக் கொடுத்தேன். கட்டிலின் கால்மாட்டில் கை கட்டி நின்றேன். மேடம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஏழு நிமிடம் அக்கா. கடிகாரத்தில் பார்த்தேன். அம்மாவின் போர்வையில் பிரிந்து தொங்கிய நூல் ஒன்றை நீவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சம்பளம் கொடுத்து ஒருவரை நூல் நீவ வைத்திருக்கிறார்கள்.

அம்மாதான் முதலில் பேசினாள். 'அது பிசிறுங்க. பனியனா இருந்தா ரிஜெக்ட்டு.'

மேடம் சிரித்தார். 'அப்படியா? எங்க கம்பெனில எல்லாமே பாஸ்ங்கக்கா' என்றார். அம்மாவும் சிரித்தாள். நான் பத்து நாளாகச் சொன்ன நம்பிக்கை வார்த்தைக்கெல்லாம் சிரிக்காதவள் ஒரு நூலுக்குச் சிரிக்கிறாள்.

பிறகு அம்மா மெதுவாக, 'ஏனுங்க, எடுக்கற காலெ என்ன பண்ணுவாங்க?' என்று கேட்டாள்.

நேரான கேள்வி. பதில் தெரிந்தால் சொல்ல வேண்டும். மேடம் என்ன செய்தார் தெரியுமா? 'அதை நினைச்சுத்தான் தூக்கம் வரலியாக்கா?' என்று திருப்பிக் கேட்டார்.

'அது எம்பட காலுங்க. அம்பது வருசமா என்னெத் தூக்கிட்டுத் திரிஞ்சது. நானு அத ஒரு பக்கம் உட்டுப்போட்டு நானொரு பக்கம் போறதுன்னா... குப்பைல போட்டு நாயி கீயி இழுத்துட்டுப் போயிருச்சுன்னா...'

என்னால் முடியவில்லை அக்கா. தவறான தகவல் என் கண் முன்னால் பரவும்போது நான் சும்மா இருந்ததில்லை. 'அம்மா! நாயெல்லாம் ஒண்ணும் இழுக்காது. இதுக்கு விதியே இருக்கு' என்று போனை எடுத்துப் படித்துக் காட்டினேன். அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் உடல் உறுப்புகள் மஞ்சள் பையில் இட்டு, எடை போட்டு, முத்திரை ஒட்டி, வண்டியில் ஏற்றி, எரிஉலையில் எரிக்கப்பட வேண்டும். 'எத்தனை டிகிரின்னு கூடப் போட்டிருக்கும்மா. ஒரு துளி மிஞ்சாது' என்று தைரியமும் சொன்னேன். முழுமையான தகவல். எந்த ஆலோசகர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பார்?

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேடம் எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்தார்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்தபோது அம்மா முதல் தடவையாக அவருக்கு நேரே பதில் சொன்னாள். 'எனக்கு வேண்டாமுங்க. காலோடயே போய்க்கறேன்.' அதுவரை 'நெனச்சுப் பாக்கறேன்' என்றவள், மேடம் வந்து போன பிறகு 'வேண்டாம்' என்கிறாள். இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? நான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். இப்படி நூலை நீவிக்கொண்டு உட்கார்ந்து, கேள்விக்குக் கேள்வி கேட்டால் நோயாளிக்குக் குழப்பம்தான் வரும். நேற்று முழுக்க அந்தக் குழப்பத்தை நான் தெளிவித்துக்கொண்டிருந்தேன். உடலிலிருந்து பிரிந்த காலுக்கு உணர்வு உண்டா, அதற்குச் சடங்கு செய்வதில் ஏதாவது தர்க்கம் இருக்கிறதா, நகம் வெட்டினால் புதைக்கிறோமா, முடி வெட்டினால் எடுத்து வைக்கிறோமா? அடுக்கடுக்காகக் கேட்டேன். அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அவளிடம் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்று மேடம் மூன்றாம் தடவை வந்தார். வந்ததும் என்னைத்தான் பார்த்தார். என் வாக்குமேல் நம்பிக்கை போய்விட்டது போல. மருத்துவம் பார்க்க வந்தவர் மகளை நாடு கடத்துகிறார். நான்கு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான்...

இருங்கள் அக்கா. கதவு திறக்கிறது. மேடம் தலை தெரிகிறது. நான் போய் வருகிறேன்.

*

அட, நீங்களும் அட்டெண்டர் பாஸ் வரிசையில்தான் நிற்கிறீர்களா? நல்லதாகப் போயிற்று. எனக்கு இது இரண்டாம் முறை. ஒரு தடவை ஜன்னல் வரை போய், அந்தக் கிளார்க் திருப்பியனுப்பி, மறுபடி வரிசையின் வாலுக்கு வந்திருக்கிறேன். சொல்கிறேன், சொல்கிறேன்.

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆமாம் அக்கா. போட்டுவிட்டாள். ச. சாந்தாமணி என்று குண்டு குண்டாக. சம்பள நோட்டில் போடுவது மாதிரியே, அடியில் ஒரு கோடும் இழுத்து. நாளைக் காலை ஏழரைக்குத் தியேட்டர். நான் அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். பிழை ஏதாவது இருக்குமோ என்றுதான். வேறொன்றும் இல்லை.

போர்வை அறைக்குள் என்ன நடந்தது என்று கேட்டேன். மேடம் சொன்னதைக் கேளுங்கள். கால் வேண்டும் என்று நோயாளி கேட்டால், வீட்டு ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாமாம். டாக்டர் தனபாலனை அங்கேயே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். 'கேட்டா குடுப்போமே, யாரும் கேக்கலியே' என்றாராம் அவர். சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அவர் வந்து வாங்கிக்கொள்வதாக ஒத்துக்கொண்டு, பல்லடத்தில் அவர்கள் தோட்டத்து மூலையில் புதைப்பது என்று முடிவு செய்து, எந்த மூலை என்பதுவரை அம்மா சொல்லியிருக்கிறாள். வேலியோரம் வேண்டாமாம், கோழி கிளறுமாம். ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவும் நடந்திருக்கிறது. என்னைக் கேட்காமல். நான் படித்துக் காட்டிய விதியில் இப்படி ஒரு வழி இருப்பதாக நான் பார்க்கவில்லை. நான்காம் பக்கத்துக்குப் பிறகு படிக்கவில்லை, அது உண்மைதான்.

சரி, நல்லது நடந்தால் சரி. யாருடைய மனுவால் மேடம் வந்தார் என்பது எனக்குத் தெரியும், அது போதும்.

அதற்குப் பிறகுதான் மேடம் இன்னொன்று சொன்னார். 'நாளைக்கு வளர்மதி கூட இருக்கட்டும்ங்கறாங்க கோகிலா. நீங்களே அம்மாகிட்டக் கேட்டுக்கங்க.'

ஒரு கட்டிலுக்கு ஒரு பாஸ்தான், உங்களுக்கே தெரியும். சித்தி உள்ளே என்றால் நான் வெளியே. அம்மா அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டு நேராக அம்மாவிடம் போனேன். அந்த அறையில் இன்னமும் சக்கர நாற்காலியில்தான் இருந்தாள், சுற்றிலும் பச்சைப் போர்வைகள்.

'அம்மா, மேடம் என்னமோ சொல்றாங்க.'

'ஆமாங் கண்ணு.'

'சித்திக்கு ஒரு மாத்திரை பேரு தெரியாதும்மா. இன்சுலின் எப்பன்னு தெரியாது. தியேட்டர் வாசல்ல அதுவே மயங்கி உழுந்துரும்.'

'உழுகட்டும். ஆஸ்பத்திரிதான, எடுத்து நிறுத்துவாங்க.'

'நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?'

'நீயி ஒரு தப்பும் பண்ணுல சாமி. பதனாறு நாளு உன்னாட்டப் பாத்துக்கறதுக்கு யாரிருக்கறா?' என் கன்னத்தைத் தடவினாள். பிறகு சொன்னாள். 'நீ இருந்தீன்னா நானு தைரியமா இருக்கோணும் கண்ணு. இத்தன நாளு இருந்துட்டேன். நாளைக்கு ஒருநாளு முடியாது. வளரு இருந்தா அழுதுக்கலாம்.'

அக்கா, இதற்கு என்னிடம் ஏழு பதில் இருந்தது. அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே ஏழு. என் முன்னால் அழுதால் மட்டும் என்ன என்பது முதல் பதில். அழுகை ஆறுதல் தரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்பது இரண்டாவது. மீதியையும் வரிசைப்படுத்திவிட்டேன். வாயைத் திறந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிப் பார்த்தாள் என்றால், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலில் படுத்தபடி பார்ப்பாளே, அப்படி. நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

மூடிக்கொண்டேன்.

'போயி ரெண்டு வாய் சோறு தின்னுட்டு வா' என்றாள். வந்துவிட்டேன். சோறு தின்னவில்லை, இங்கே வந்து நிற்கிறேன். நாலு மணிக்குள் பாஸ் மாற்றாவிட்டால் காலையில் சித்தியைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இதோ அந்தப் படிவம். நோயாளி பேர், கட்டில் எண், பழைய அட்டெண்டர், புதிய அட்டெண்டர். எல்லாம் ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டேன். அடியில் பாருங்கள், 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. பன்னிரண்டு பக்கம் எழுதினவளுக்கு இந்த அரை அங்குலம் ஓட மாட்டேன் என்கிறது. முதலில் 'மகளுக்குத் தேர்வு' என்று எழுதினேன். பொய், அடித்துவிட்டேன். அடுத்து 'நோயாளியின் விருப்பம்' என்று எழுதிக்கொண்டு போனேன். அந்த ஆள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, 'விருப்பம்லாம் காரணம் ஆகாதும்மா. சரியான காரணம் எழுதிட்டு வா' என்று தள்ளிவிட்டார். நோயாளிக்கு விருப்பம் இருந்தால் அது காரணம் ஆகாதாம். கேட்டீர்களா?

அதனால் இதை எழுதியிருக்கிறேன். படித்துப் பாருங்கள். எழுத்து புரிகிறதா? சத்தமாகவே படியுங்கள், பரவாயில்லை.

'நோயாளி அழ வேண்டும். நான் கூட இருந்தால் அவரால் முடியவில்லை.'

எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான். கிளார்க் தலையை ஆட்டுவார், தெரியும். இதெல்லாம் ஒரு காரணமா என்பார். கேட்கட்டும். அம்மாவிடம் சொல்லாமல் விழுங்கின ஏழும் தொண்டையிலேயே நிற்கிறது. அவற்றைத் திருப்பிப் போட்டால் அவருக்கு ஏழு பதில் ஆகும். கட்சி மாறிப் பேசுவது எனக்குப் புதிதில்லை, போட்டியில் சீட்டுக் குலுக்கி எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுகிறவள்தான் நான்.

நாலு மணி ஆனால் ஜன்னலைச் சாத்திவிடுவாராம். சாத்தட்டும், பார்க்கலாம்.